ரோல் பிளேயிங் கேம் இதழுக்கு முதல்முறை எழுதி அனுப்புகிறவர்களுக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களுக்கு ரேஞ்சரைத் தெரியாமல் இருக்காது. காட்டில் தடம் பார்த்துப் போகிற, வில்லும் வாளும் பழகிய வீரன். 1974-இல் வந்த முதல் விதிப்புத்தகங்களில் இந்த ரேஞ்சர் கிடையாது. ஜோ ஃபிஷர் என்ற ஆட்டக்காரர் எழுதிக் கொடுத்ததுதான் அது. அந்த ஆட்டத்தை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் தி ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ என்று ஒரு சின்ன இதழ் நடத்தியது, அதன் இரண்டாவது இதழில், 1975 கோடையில், ரேஞ்சர் அச்சானது. 1978-இல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஏறியது. இன்றைய பதிப்பிலும் இருக்கிறது. நீங்களும் ஆடுகிறவர், உங்கள் மேசைக்காக யோசித்து வைத்தது ஏதோ ஒன்று நோட்டுப் புத்தகத்தில் கிடக்கிறது, அதை ஒரு இதழுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கான கட்டுரை.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு முதலில் கொஞ்சம். டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம் என்றால் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடுகிற ஆட்டம். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். கேம் மாஸ்டர் என்பார்கள், சில ஆட்டங்களில் ரெஃப்ரி. ஊர், எதிரி, வழியில் எதிர்ப்படும் வியாபாரி, சத்திரக்காரர் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை வைத்துக்கொண்டு, அந்த கேரக்டர் என்ன செய்யும் என்று சொல்வார்கள். செய்கிற காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். கதை எங்கே போய் நிற்கும் என்று நடத்துகிறவருக்கே தெரியாது. அதனால் இந்த ஆட்டத்துக்குச் சரக்கு போதவே போதாது, இந்த வாரம் ஒரு புது ஊர் வேண்டும், அடுத்த வாரம் ஒரு புது ஆபத்து வேண்டும், அதற்கடுத்த வாரம் வீரர்கள் யாரும் எதிர்பார்க்காத பக்கம் திரும்பிவிட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும். ஒரு கம்பெனி எத்தனை புத்தகம் போட்டாலும் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஆடுகிறவர்களே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது ஆரம்ப நாளிலேயே தொடங்கியது அதனால்தான்.

லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் 1975 ஜூனில் ஆரம்பித்த அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்ற ரசிகர் இதழில், பங்கெடுப்பவர்கள் ஆளுக்குச் சில பக்கம் எழுதி அனுப்புவார்கள், எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்து எல்லோருக்கும் தபாலில் அனுப்புவார்கள், அடுத்த மாதம் அதற்குப் பதில் எழுதுவார்கள். அதில் எழுதிக்கொண்டிருந்த ஜோனதன் ட்வீட் பின்னாளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பையே வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். பிரிட்டனில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1977-இல் ஒயிட் டுவார்ஃப் இதழை ஆரம்பித்தது. அதில் ஃபீண்ட் ஃபேக்டரி என்று ஒரு பகுதி, வாசகர்கள் அனுப்பும் மான்ஸ்டர்களுக்கென்றே இருந்தது, டான் டர்ன்புல் அதைப் பார்த்துக்கொண்டார். 1979-இல் சார்லஸ் ஸ்ட்ராஸ் என்ற பதின்வயதுப் பையன் எழுதிய கித்யாங்கி என்ற மனித உருவ இனம் அந்த இதழில் வந்தது. அப்படி வந்தவற்றில் பலவற்றைத் தொகுத்து 1981-இல் ஃபீண்ட் ஃபோலியோ என்று புத்தகம் போட்டபோது அட்டையிலேயே கித்யாங்கிதான். 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமில் லேசெல் என்ற பெண்ணைப் பார்த்திருப்பீர்களே, அவள் அந்த இனம்தான். இதைச் சொல்வது உங்களுக்கு ஆசை காட்ட மட்டும் இல்லை. இந்தக் கித்யாங்கியைப் பற்றி உரிமைகள் பேசும்போது மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இதழுக்கு எழுத நினைக்கிற பலர் தங்கள் உலகத்தின் வரலாற்றை எழுதி அனுப்புகிறார்கள். மூவாயிரம் ஆண்டு ராஜ வம்சங்கள், நாலு போர், ஒரு தெய்வப் பரம்பரை. எழுதுகிறவருக்கு அதில் இருக்கும் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதழை வாங்கிப் புரட்டுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் இன்னொரு கேம் மாஸ்டர். வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறார், நாளைக்கு மதியம் நாலு பேர் வீட்டுக்கு வருவார்கள், அவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஏதாவது வேண்டும். உங்கள் எழுத்து அவர் கையில் கருவியாக வேலை செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து விளக்க மாட்டீர்கள், உங்கள் உலகம் அவருக்குத் தெரியாது, உங்கள் நண்பர்கள் மேசையில் சிரித்த இடம் அவருக்குச் சிரிப்பே தராது. நீங்கள் இல்லாத மேசையில் உங்கள் சரக்கு ஓடுமா என்பதைத்தான் நல்ல எடிட்டர் முதலில் பார்க்கிறார்.

இதற்கு டிராவலர் என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வாசகர் எழுத்தை எப்படி வடிவமைப்பது என்று அந்த ஆட்டத்தைச் சுற்றி இருந்தவர்கள் மிக அழகாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மார்க் மில்லர் வடிவமைத்து, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இருந்த ஜிடிடபிள்யூ 1977-இல் வெளியிட்ட விண்வெளி ஆட்டம் அது. 1979-இல் அதற்கென்று ஜர்னல் ஆஃப் த டிராவலர்ஸ் எய்ட் சொசைட்டி என்ற இதழ் வந்தது. அதன் பகுதிகளைப் பாருங்கள்: ஆபத்தான ஒரு சூழலை வைத்துச் சின்ன சாகசம் என்றால் ஆம்பர் சோன், வழியில் சந்திக்கிற ஒரு ஆளைப் பற்றி என்றால் கேஷுவல் என்கவுண்டர், ஒரு கருவி என்றால் ஷிப்ஸ் லாக்கர், வேற்றுகிரக இனம் என்றால் கான்டாக்ட், விலங்குகளுக்கு பெஸ்டியரி. ஒவ்வொன்றும் ஓரிரு பக்கம்தான். ஒரு ஆள், ஒரு கருவி, ஒரு விலங்கு என்று தனித்தனியாக எழுதலாம் என்பதே புதிதாக எழுதுகிறவருக்குப் பெரிய உதவி. இன்று ஃப்ரீலான்ஸ் டிராவலர் என்று ரசிகர்களே நடத்தும் இலவச பிடிஎஃப் இதழ் இருக்கிறது, அதுவும் இப்படித்தான் சின்னச் சின்ன பகுதிகளாக வாசகர் எழுத்தை வாங்கிக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வடிவம் பேட்ரன். வீரர்களுக்கு வேலை கொடுக்கிற ஆள்தான் பேட்ரன். ஜிடிடபிள்யூ 1980-இல் இந்த வடிவத்தில் எழுபத்தாறு வேலைகளை ஒரே சின்னப் புத்தகமாகப் போட்டது. முதலில் வீரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரு பத்தி. பிறகு, ரெஃப்ரி மட்டும் படிக்க வேண்டியது: உண்மை என்ன என்பதற்குப் பல சாத்தியங்கள். அதில் ஒன்றைப் பகடை உருட்டி எடுத்துக்கொள்ளலாம், அல்லது தானே தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவுதான். ஒரு உதாரணம் இப்போதே எழுதிப் பார்ப்போம்.

வீரர்களுக்கு: விண்வெளித் துறைமுகத்தில் ஒரு டாக்டர் உங்களைத் தேடி வருகிறார். ஒரு பார்செக் (மூன்று ஒளியாண்டுக்குச் சற்று அதிகம்) தள்ளி இருக்கும் அடுத்த நட்சத்திரத்தில், ஒரு சுரங்க நிலையத்தில் காய்ச்சல் பரவுகிறது. மூன்று சீல் வைத்த மருந்துப் பெட்டிகளை 12 நாளைக்குள் அங்கே சேர்க்க வேண்டும். கூலி 8,000 கிரெடிட், பாதி இப்போதே.

ரெஃப்ரிக்கு, ஒரு பகடை உருட்டினால்:

1 அல்லது 2: டாக்டர் சொன்னது எல்லாம் உண்மை.
3: மருந்து காலாவதியானது. டாக்டருக்கு அது தெரியாது, அவருக்கு விற்றவனுக்குத் தெரியும்.
4: காய்ச்சலோடு அங்கே வேலைநிறுத்தமும் நடக்கிறது. தொழிலாளர்களைப் பணியவைக்க சுரங்கக் கம்பெனி மருந்தைத் தடுக்கிறது, கப்பல் இறங்க அனுமதி தராது.
5: டாக்டரின் உரிமம் ரத்தாகிவிட்டது. கிளம்பும் முன் துறைமுக அதிகாரிகள் கப்பலைச் சோதனை போடுவார்கள்.
6: மருந்து வேலை செய்யாத புது நோய். நிலையத்தில் இருப்பவர்கள் தங்களை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிக் கெஞ்சுவார்கள்.

இது கிட்டத்தட்ட முக்கால் பக்கம் வரும். இதில் சுரங்க நிலையத்தை யார் எந்த வருடம் கட்டினார்கள் என்று ஒரு வரி கூட இல்லை, ஆனாலும் எந்த ரெஃப்ரி எடுத்தாலும் ஒரு மாலைப்பொழுதை ஓட்டிவிடலாம். அதோடு ஒரே மருந்துப் பெட்டி ஐந்து வேறு வேறு கதைகளாகப் போகிறது, இதழைப் படித்துவிட்ட வீரருக்குக்கூட எது உண்மை என்று தெரியாது. இந்த வடிவத்தின் புத்திசாலித்தனம் அங்கேதான் இருக்கிறது.

அந்த 12 நாள் என்ற கெடுவைக் கவனித்தீர்களா? அதை நான் இஷ்டத்துக்குப் போடவில்லை. டிராவலரில் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஜம்ப் அடித்தால், அதாவது கப்பல் ஒளியை மிஞ்சித் தாவினால், தூரம் ஒரு பார்செக்கோ ஆறோ, ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். புறப்படும் உலகத்தை விட்டு விலகிப் போகவும், போய்ச் சேர்ந்த பிறகு இறங்கவும் கூடுதல் நேரம் வேண்டும். ஐந்து நாள் கெடு என்று எழுதியிருந்தால் எந்தக் கப்பலாலும் முடியாத காரியம், எடிட்டர் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார். இன்னொன்று, அந்த ஆட்டத்தின் பிரபஞ்சத்தில் ஒளியை மிஞ்சும் வானொலி கிடையாது. செய்தி போக வேண்டுமானால் கப்பல்தான் சுமந்து போக வேண்டும். ஆகவே ‘சுரங்க நிலையத்திலிருந்து டாக்டருக்கு அழைப்பு வந்தது’ என்று யாராவது எழுதினால் கதையின் அடித்தளமே ஆடிப்போகும். இந்த மாதிரி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்றிரண்டு ஆணிவேர் விதிகள் உண்டு, மொத்த உலகமும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. விதிப்புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் உங்கள் சரக்கு எந்த விதியைத் தொடுகிறதோ அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். எந்தப் பதிப்புக்கு எழுதுகிறீர்கள் என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பு எண்களை ஐந்தாம் பதிப்பில் அப்படியே போட்டால் ஒன்றும் பொருந்தாது.

எழுதி முடித்த பிறகு ஆடிப் பாருங்கள். முதலில் உங்கள் மேசையிலேயே. அடுத்தது அதைவிட முக்கியம்: எழுதிய தாளை இன்னொரு கேம் மாஸ்டரிடம் கொடுத்து அவரை நடத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் வாயைத் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது. அவர் எந்த இடத்தில் தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார், எந்த இடத்தில் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயெல்லாம் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வில்லன் கதவுக்குப் பின்னால் இருக்கிறான் என்ற தகவல் கதவு திறந்த பிறகு மூன்றாம் பத்தியில் வந்தால் நடத்துகிறவருக்கு என்ன பிரயோஜனம்? சாகசம் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வீரர்கள் நீங்கள் நினைத்த வழியில் போகாவிட்டால் என்ன நடக்கும்? டாக்டரிடம் முன்பணத்தை வாங்கிக்கொண்டு பெட்டியை வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள், இந்த ஆட்டத்தில் அது ரொம்ப சகஜம். அதற்கு ஒரே ஒரு வரி போதும், ஆனால் அந்த ஒரு வரி இருக்க வேண்டும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன இதழ்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வருபவை. தமிழில் யோசிக்கிற நமக்கு அதில் ஒரு தயக்கம் வரலாம், வர வேண்டியதில்லை. இந்த வகை எழுத்துக்கு அலங்காரம் தேவையே இல்லை. அறையில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும், தொட்டால் என்ன ஆகும். குட்டி வாக்கியங்களே போதும். மொழித் திருத்தம் எடிட்டரின் வேலைகளில் ஒன்று, யோசனை இல்லாத எழுத்துக்கு யோசனை சேர்ப்பது அவர் வேலை இல்லை.

அடுத்தது உரிமை. பலர் இதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள், தயவுசெய்து தாண்ட வேண்டாம். இங்கே இரண்டு தனித்தனி கேள்விகள் இருக்கின்றன. அடுத்தவருடைய ஆட்டத்தை வைத்து நீங்கள் எழுதலாமா என்பது ஒன்று. நீங்கள் எழுதியதை இதழ் என்னவெல்லாம் செய்யலாம் என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் பதில் மாறும். டிராவலரின் உரிமையாளர்கள் காசு வாங்காத ரசிகர் எழுத்தை நிபந்தனைகளோடு அனுமதித்து வந்திருக்கிறார்கள், உரிமை யாருடையது என்ற அறிவிப்பைக் கூடவே போட வேண்டும் என்பது அதில் ஒன்று. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வேறு கணக்கு. டிஎஸ்ஆரை வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தார் விதிகளில் ஒரு பகுதியை மட்டும் எஸ்ஆர்டி என்ற ஆவணமாகப் பிரித்து 2000-ஆம் ஆண்டு முதல் ஓஜிஎல் என்ற திறந்த உரிமத்தில் பிறர் பயன்படுத்த விட்டார்கள். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்றப் போகிறார்கள் என்று தெரியவந்ததும் ஆடுகிறவர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதே மாதக் கடைசியில் ஐந்தாம் பதிப்பின் எஸ்ஆர்டியை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள், யார் வேண்டுமானாலும் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த ஆவணத்துக்குள் இருப்பதை மட்டும்தான். கித்யாங்கி அதற்குள் இல்லை. ஒரு வாசகர் இதழுக்கு எழுதி அனுப்பிய இனம், இன்று இன்னொரு வாசகர் தன் இதழில் பயன்படுத்த முடியாதபடி நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் இருக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனாலும் நிலைமை அதுதான், தெரிந்துகொண்டு எழுத வேண்டும். உங்களுக்கென்று ஒரு இனத்தை, ஒரு ஊரை, ஒரு பெயரைப் படைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பாதி வராமலே போகும்.

இரண்டாவது கேள்விக்கு இதழின் நிபந்தனைப் பக்கத்தில் பதில் இருக்கும். முதல் வெளியீட்டு உரிமை மட்டும் கேட்டால், அவர்கள் முதலில் போடுவார்கள், பிறகு எழுத்து உங்களுடையது. எல்லா உரிமையும் கேட்டால், நாளைக்கு நீங்களே உங்கள் எழுத்தைப் புத்தகமாகப் போட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டி வரும். அச்சு மட்டுமா, பிடிஎஃப் தொகுப்பும் சேர்த்தா என்பதையும் பாருங்கள். அச்சுக்கென்று கொடுத்த கட்டுரைகளை அனுமதி வாங்காமல் மின்னணுத் தரவுத்தளத்தில் போட்டதற்காக ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் நியூயார்க் டைம்ஸ் மீது போட்ட வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் எழுத்தாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு இதழ்கள் இதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கின்றன. ரசிகர்கள் நடத்தும் இலவச இதழ்கள் பெரும்பாலும் பணம் தருவதில்லை, உரிமையும் அதிகம் கேட்பதில்லை. காசு வாங்கி விற்கிற இதழ் உங்களுக்குக் காசும் தராமல் எல்லா உரிமையும் கேட்டால், என் கருத்து, அனுப்ப வேண்டாம்.

அனுப்புவது எளிது. இதழின் வழிகாட்டிப் பக்கத்தைப் படியுங்கள், என்ன நீளம், எந்த ஃபைல், முதலில் யோசனையை மட்டும் எழுதிக் கேட்க வேண்டுமா அல்லது முழுதும் அனுப்பலாமா என்று அதில் இருக்கும். பழைய இதழ் இரண்டையாவது படித்து, எண்களும் விவரங்களும் எந்த வரிசையில் அச்சாகின்றன என்று பார்த்து அப்படியே பின்பற்றுங்கள். வண்ணம், கட்டம், அலங்கார எழுத்துரு எதுவும் வேண்டாம், சாதாரண எழுத்தாக அனுப்புங்கள், பக்க வடிவமைப்பு அவர்கள் செய்வார்கள். வரைபடம் கையால் போட்டதாக இருந்தாலும் போதும், கதவும் படியும் அளவும் தெளிவாகத் தெரிய வேண்டும். இணையத்தில் எடுத்த படத்தை ஒட்டி அனுப்பவே கூடாது. ஏஐ எழுத்து, ஏஐ படம் பற்றி இதழ் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள், ஏற்றுக்கொள்ளாத இதழ்கள் உண்டு. மெயிலில் நீளமான சுயபுராணம் தேவையில்லை: என்ன வகை, எந்த ஆட்டம், எந்தப் பதிப்பு, எத்தனை வார்த்தை, ஆடிப் பார்த்தாயிற்றா, எந்தப் பெயரில் போட வேண்டும்.

முதல் தடவை பெரிய சாகசம் எழுத வேண்டாம் என்பேன். ஒரு ஆள், ஒரு விலங்கு, அல்லது மேலே பார்த்த மாதிரி ஒரு பேட்ரன். அதே சமயம், சின்னதாக ஆரம்பித்தவர்கள் சின்னதாகவே நிற்பதில்லை. டன்ஜன் என்ற இதழ் 1986 முதல் 2007 வரை 150 இதழ்கள் அச்சில் வந்தது, அதில் பெரும்பகுதி ஆடுகிறவர்கள் எழுதி அனுப்பிய சாகசங்கள்தான். 1988-இல் அதில் முதல் சாகசம் எழுதிய கிறிஸ்டோபர் பெர்கின்ஸ், பின்னாளில் அந்த இதழுக்கே எடிட்டர் ஆனார், அப்புறம் ஐந்தாம் பதிப்பை உருவாக்கிய குழுவிலும் இருந்தார்.

பதில் வர நாளாகும், ரசிகர் இதழ்களை ஓய்வு நேரத்தில்தான் நடத்துகிறார்கள். வழிகாட்டியில் சொன்ன காலம் தாண்டிய பிறகு ஒரு முறை மரியாதையாகக் கேட்கலாம். ஒரே எழுத்தை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்ப வேண்டாம், அவர்களே பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் தவிர. திருத்தம் கேட்டு வந்தால் அது நல்ல செய்தி, வேண்டாம் என்று நினைத்திருந்தால் அவர் அவ்வளவு நேரம் செலவழித்திருக்க மாட்டார். அச்சாகி வந்ததும் உங்கள் மூலத்தோடு ஒப்பிட்டு, எண்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தாக்குதல் எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் யாரோ ஒருவர் மேசையில் கேரக்டர்கள் வீணாகச் செத்துப்போவார்கள். தவறு இருந்தால் உடனே எடிட்டருக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் திருத்தம் போடுவார்கள்.